சனிக்கிழமை காலை அமர்வு: சேலம், ஏற்காடு நாட்குறிப்பு

புதன்

கல்வி ஆய்வு மாநாடு நாளைக் காலைதான். ஆனாலும் எங்கள் ஆய்வுக் குழுவான நெட்வொர்க்கைச் சேர்ந்தவர்கள் ஒரு வேன் நிறைய இன்றைக்கே சேலம் வந்து, வந்த கையோடு ஏற்காடு ஏறிவிட்டோம். சிறிய பள்ளிகளை ஆராய்கிறவர்கள் நாங்கள். ஓராசிரியர் பள்ளி, ஈராசிரியர் பள்ளி, பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் உட்காரும் பள்ளி. அப்படிப்பட்ட பள்ளிகள் மலைமேல் இருக்க, கீழே ஏசி அரங்கில் அவற்றைப் பற்றிப் பேசிவிட்டு ரயில் ஏறிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு மாநாடு சேலத்தில் என்று தெரிந்த அன்றே, முதலில் மலை, பிறகு மாநாடு என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்குள் போக முறைப்படி அனுமதி வாங்கியாயிற்று. குழந்தைகளைப் படம் எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஊர்ப் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை.

ஜங்ஷனில் இறங்கி சூரமங்கலத்திலேயே இட்லியை முடித்துக்கொண்டு, அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு ரோட்டைப் பிடித்தோம். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு சாலையோரம் நிற்கிறது. 1930களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்டிருப்பதால் வேனில் இருந்த ஆய்வு மாணவர்கள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

ஜனவரி என்பதால் காபிப் பழம் சிவந்து கிடக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி, செடிக்குள் பாதி மறைந்து பழம் பறிக்கும் பெண்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இன்று இந்த மலையின் பள்ளி வருகைப் பதிவேடு வரைக்கும் வந்திருக்கிறது. பறிப்புக் காலத்தில் அம்மா விடியும் முன்னே எஸ்டேட்டுக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்பு அக்கா வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். நாங்கள் போன பள்ளியின் டீச்சர் முதலில் சொன்ன விஷயமே இதுதான்.

பள்ளிக்கு வேன் போகாது. கடைசிக் கொஞ்ச தூரம் நடை. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு கொடிக்கம்பம், உள்ளே இருபத்துச் சொச்சம் குழந்தைகள். மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் பேசுவது தமிழ். தலைமையாசிரியர் ஒருவர், டீச்சர் ஒருவர், அவ்வளவுதான் ஆள்பலம்.

இதைக் கேட்டதும் "ஆசிரியர் பற்றாக்குறை" என்று நகரத்தில் சொல்வார்கள். காலிப் பணியிடம் எதுவும் இங்கே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து. நடந்து போகும் தூரத்தில், ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது விதி. மலைக் கிராமத்தில் அந்தத் தூரத்துக்குள் கிடைக்கும் பிள்ளைகளே இருபது முப்பதுதான். ஆக, ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல வகுப்புகளைக் கையாள்வது இங்கே விதிப்படியே நடக்கிற அன்றாடம். ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

டீச்சரின் அறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். சுவரின் அடிப்பக்கம், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை. பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்தில் பூசியது. கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன, பழைய பெயர் மங்கலாக அடியில் தெரிகிறது. இப்போது நடப்பது 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும் முறை.

"அஞ்சு வகுப்புன்னு நான் நெனைக்கறதே இல்லைங்க மேடம்," என்றார் டீச்சர். "ஹெச்.எம். சார் மீட்டிங்னு கீழ போயிட்டா எல்லாருமே என்கிட்டதான். அப்பவும் எனக்கு மூணு குழுதான். ஒரு குழு என்கூட, ஒரு குழு அட்டையோட, ஒரு குழு சுவத்தோட. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்தி விட்டுருவேன்."

நாங்கள் இருந்தபோது சுவரோடு இருந்த குழுவில் ஒரு நாலாம் வகுப்புப் பெண், பக்கத்தில் இருந்த சின்னவனின் கட்டத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மேசையில் இருந்த ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து ஏதோ குறித்தார். கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேதி, யார், யாருக்கு, எதை, எப்படி என்று ஐந்து பத்தி. பழைய பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: நாலாம் வகுப்பு அக்கா, ஒன்றாம் வகுப்புப் பையன், 'ழ' எழுத, காபிக்கொட்டையைத் தரையில் அடுக்கி. ஜூன் மாதத்திலிருந்து நாள் விடாமல் எழுதியிருக்கிறார். மாநாட்டில் வாசிக்க எங்களுக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த நோட்டிலிருந்து அவர் எழுதியதுதான்.

அவர் கட்டுரை வாசிக்கும் அமர்வு சனிக்கிழமை. அதற்குக் காரணம் இருக்கிறது. வார நாளில் அவர் சேலம் வந்தால் ஐந்து வகுப்பும் தலைமையாசிரியர் ஒருவர் தலையில் விழும். மாநாட்டுக்குப் போக ஆன் டூட்டி கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை என்றார். சி.எல். போட்டு வர வேண்டியவரை வார நாளில் கூப்பிடுவது நியாயமே இல்லை. பள்ளி விடுமுறையான சனிக்கிழமைதான் அவருடைய நாள்.

பிள்ளைகள் மதிய உணவுக்குத் தட்டோடு வரிசையில் நின்றபோது விடைபெற்றோம். ஏரிப் பக்கம் ஒரு தேநீர். சேர்வராயன் கோயிலுக்குப் போகலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள், போனோம். மலை உச்சியில் குகைக்குள் சாமி, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே காற்று ஆளைத் தள்ளியது. இருட்டும் முன் இறங்கிவிட்டோம்.

வியாழன்

நெட்வொர்க் என்றால் என்ன, அமர்வு நடத்துவதில் என்ன வேலை இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய கல்வி மாநாடு எதிலும் எல்லாத் தலைப்பும் ஒரே குவியலாக வந்து விழும். அதை ஒரே குழு அலசினால், கணிதக் கற்பித்தல் தெரிந்தவர் கல்வி வரலாற்றுக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவார். ஐரோப்பியக் கல்வி ஆய்வுச் சங்கம் 1994-இல் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாட்டில் 30-க்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகள் இருக்கின்றன. கல்வி வரலாற்றுக்கு ஒன்று, பள்ளிக்கும் குடும்பத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவுக்கு ஒன்று என்று. தனக்கு வந்த சுருக்கங்களை ஒவ்வொரு நெட்வொர்க்கும் தானே மதிப்பிடும், தன் அமர்வுகளைத் தானே அடுக்கும், மாநாட்டின்போதே தன் கூட்டத்தையும் நடத்திவிடும். அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கம் 1916-இலிருந்தே இருக்கிறது. அங்கே பிரிவுகளும் சிறப்பு ஆர்வக் குழுக்களும் இந்த வேலையைச் செய்கின்றன. நாங்களும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு சுருக்கத்தையும் எழுதியவர் பெயரை மறைத்து இரண்டு பேர் படிக்கிறோம். இருவர் மதிப்பெண்ணும் வெகுவாக வேறுபட்டால் மூன்றாமவர். தேறியவற்றை ஒன்றோடொன்று பேசக்கூடிய நான்கு நான்காகச் சேர்க்கிறோம்.

இந்த நான்கைச் சேர்ப்பதில்தான் எனக்கு அதிகம் தூக்கம் போகும். தலைப்பு ஒத்துப்போனால் போதாது. ஒருவர் எழுப்பும் கேள்விக்கு இன்னொருவர் கையில் சான்று இருக்க வேண்டும். அப்போதுதான் கேட்கிறவர் வாய் திறப்பார்.

ஓர் அமர்வுக்கு 90 நிமிடம், ஐரோப்பிய மாநாட்டில் உள்ளதுபோலவே. கட்டுரைக்கு 15 நிமிடம், நான்கும் முடிந்தபின் முழுசாக அரை மணி நேரம் விவாதம். அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவதுதான் அமர்வுத் தலைவரின் முதல் வேலை. மஞ்சள் அட்டை காட்டினால் ஐந்து நிமிடம் பாக்கி, சிவப்பு என்றால் ஒன்று. பேசுகிறவர் துணைவேந்தராக இருந்தாலும் அட்டை அட்டைதான்.

நம் ஊர் மாநாடுகள் பலவற்றில் ஓர் அறையில் பன்னிரண்டு பேரை அடைத்து ஆளுக்கு ஏழு நிமிடம் கொடுக்கிறார்கள். வாசிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2010 விதிமுறை கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கும் மதிப்பெண் வைத்தது. பதவி உயர்வுக்குப் புள்ளி தேவைப்படுகிற ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஆறு மாதம் களத்தில் உழைத்துக் கொண்டுவந்ததைப் பற்றி ஒரே ஒரு கேள்விகூட வராமல் ஒருவர் ஊர் திரும்புவது அவருக்கு நாம் செய்யும் அவமரியாதை. அதை எங்கள் அறைகளில் நடக்க விடமாட்டோம்.

இன்றைய கதைக்கு வருகிறேன். தொடக்க விழா பத்து மணிக்கு. குத்துவிளக்கு ஏற்றியபோது பத்தே முக்கால். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை மேல் வாழ்த்துரை. பதினொன்றரைக்குத் தொடங்க வேண்டிய எங்கள் அமர்வுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். "ஆளுக்கு எட்டு நிமிஷம்னு சுருக்கிடுங்க மேடம், சாப்பாடு ஆறிடும்" என்று செய்தி வந்தது. எங்கள் இணை ஒருங்கிணைப்பாளர் இதை எதிர்பார்த்து, காலையிலேயே சமையல் மேஸ்திரியைப் பார்த்து, நாற்பது பேருக்குக் கடைசிப் பந்தி போட முடியுமா என்று கேட்டு வைத்திருந்தார். "ரெண்டரைக்கு வாங்க சார், சுடச்சுடப் போடறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அமர்வு முழு 90 நிமிடமும் நடந்தது. சொன்னபடி சோறும் சூடாகவே இருந்தது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஸ்லைடை அப்படியே பென் டிரைவில் கொண்டுவந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யுனிகோடுக்கு மாற்றுங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றும் வையுங்கள். நேற்று இரவு விடுதியில் எங்கள் தம்பி ஒருவன் எல்லாருடைய கோப்பையும் வாங்கித் திறந்து பார்த்து மாற்றிக்கொடுத்ததால் இன்று ஒரு நிமிடமும் வீணாகவில்லை.

வெள்ளி

காலை, செயல்வழிக் கற்றல் பற்றிய சிறப்பு அமர்வு. ஆந்திராவின் ரிஷிவேலியில் சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை, ஏணிப்படி முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் பரவிய வரலாறு. பலவகுப்பு அறைக்காகப் பிறந்த முறை, பெரிய ஊர்ப் பள்ளிகளிலும் ஒரே அச்சில் போனபோது எது நின்றது, எது உதிர்ந்தது என்று பேசினார்கள். நல்ல அமர்வு. ஆய்வுகளைச் சுவரொட்டியாக மாட்டிய காட்சியும் பரவாயில்லை.

மதியம் ஒரு தொலைபேசி. நேற்று வராத ஒருவர், "வர முடியலைங்க மேடம், சர்டிபிகேட்ட மட்டும் தபால்ல போட்டுடுங்க" என்றார். வாசிக்காத கட்டுரைக்குச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார். வேறு வழியில்லை.

சாயங்காலம் அமைப்பாளர்களிடமிருந்து ஒருவர் வந்தார். நாளைக் காலை எங்கள் அமர்வை இன்றே முடித்துவிடலாமே என்றார். "நாளைக்கு நிறைவு விழாவுக்கே ஆள் இருக்குமான்னு தெரியலைங்க. உங்க ரூம்ல நாலு பேர் வாசிப்பாங்க, அந்த நாலு பேருதான் கேப்பாங்க." அவர் சொன்னதில் பொய்யில்லை. கடைசி நாள் காலை என்றால் பாதிப் பேர் பெட்டியோடு ஜங்ஷனில் நிற்பார்கள். ஆனால் மலையிலிருந்து ஒருவர் நாளைதான் வர முடியும். நிகழ்ச்சி நிரல் அச்சாகும் முன் இதே சண்டையைப் போட்டுத்தான் அந்த இடத்தை வாங்கினோம். இதை எதிர்பார்த்துத்தான் அதிக விவாதம் கிளப்பும் நான்கு கட்டுரைகளை அங்கே வைத்தோம், அதை ஒட்டியே நெட்வொர்க் கூட்டத்தையும் போட்டோம். மாற்ற முடியாது என்றேன். அவரும் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டு, பெரிய அறையே தருகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது ஆள் பிடிக்கும் வேலை. உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட் மாணவிகளை நேரில் பார்த்து அழைத்தோம். ரயிலைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்ற முடிந்தவர்களை மாற்ற வைத்தோம். எட்டு மணிக்குக் கடைத்தெருவில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம். வாய்க்குள் அப்படியே முழுசாகப் போட வேண்டும், கடித்தால் சட்டையெல்லாம் சட்னி. கூட வந்த வெளியூர்ப் பேராசிரியர் இரண்டாவது தட்டு கேட்டபோது, "அப்ப நாளைக்குக் காலைல அமர்வுக்கு வர்றீங்க சார்" என்றேன். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

சனி

ஒன்பதரைக்கு அறையில் முப்பது பேருக்கு மேல். டீச்சர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார், அவருடைய வீட்டுக்காரரும் கூட. நோட்டைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸ்லைடு ஆறுதான். நோட்டின் மூன்று பக்கங்களை அப்படியே படம் எடுத்துப் போட்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிய பிள்ளை எதை எடுக்கிறது என்று வகைபிரித்திருந்தார். கையைப் பிடித்து எழுத வைப்பது, பொருளை அடுக்குவது, வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்வது. மூன்றாவதுதான் பெரும்பாலும் கணக்குக்கு வருகிறது என்றார். அவர் பேசி முடித்தபோது மஞ்சள் அட்டைக்கு வேலையே வரவில்லை.

அடுத்து ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். இத்தகைய சிறு பள்ளிகளை இணைத்து, வண்டி வசதி கொடுத்து, ஒரே பெரிய பள்ளியாக நடத்தினால் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பது அவர் வாதம். 2019-இல் மாணவர் சேர்க்கையே இல்லாத சில அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்ற எடுத்த முடிவிலிருந்து தொடங்கி, பொறுப்பாகவே பேசினார். மற்ற இரண்டு கட்டுரைகளும் நன்றாக இருந்தன.

பிறகு அந்த அரை மணி நேரம். டயட் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அந்தப் பையன் 'ழ'வ உண்மையிலேயே கத்துக்கிட்டானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க டீச்சர்?"

டீச்சர் நோட்டைப் புரட்டினார். "ரெண்டு நாள் கழிச்சு அவனே இன்னொரு பிள்ளைக்கு எழுதிக் காட்டினாங்க. அது இங்க இருக்குது. ஆனா எல்லாப் பதிவுக்கும் இப்படிப் பாக்கலை. பாதிக்கு மேல பாக்கலைங்க."

இணைப்புக்கு வாதாடிய அதே ஆய்வாளர்தான் எழுந்து, வாரம் ஒரு நாள் மட்டும் ஐந்து பதிவுகளைக் குலுக்கி எடுத்து, ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையை எழுதச் சொல்லிப் பாருங்கள், ஆறாவது பத்தி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். டீச்சர் அங்கேயே பேனாவை எடுத்துக் கோடு போட்டார். பிறகு அவரிடம் டீச்சர் கேட்டார்: "வண்டி விடறது நல்லதுதாங்க சார். மழைக்காலத்துல மரம் விழுந்து ரோடு அடைச்சா ஆறு வயசுப் பிள்ள எங்க இறங்கும்?" தன் கணக்கில் மழை நாட்கள் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். டீச்சரும் ஒன்றை மறைக்கவில்லை. ஐந்து முடித்துப் பெரிய பள்ளிக்குப் போகும் தன் பிள்ளைகள், நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் வாயைத் திறக்க மாதக்கணக்காகிறது, அதற்கு என்ன செய்வதென்று தனக்குத் தெரியவில்லை என்றார். அதில் தொடங்கிய பேச்சு நேரம் முடிந்தும் ஓயவில்லை. தட்டுவடைப் பேராசிரியர் தன் ஊரில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன் கோடையில் இரண்டு வாரம் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கு அழைத்துப்போகும் ஏற்பாட்டை விவரித்தார்.

உடனே நெட்வொர்க் கூட்டம். முடிவானவை இவை. பள்ளி ஆசிரியர்கள் பங்கேற்கும் அமர்வுகள் இனி எப்போதும் சனிக்கிழமைதான். மாநாடு எந்த ஊரில் என்றாலும் அமைப்பாளர்களுக்கு இதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவது. ஒவ்வொரு சுருக்கத்தையும் படிக்கும் இருவரில் ஒருவர் பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர்களின் பயணச் செலவுக்குப் பேராசிரியர்களிடம் பணம் திரட்டுவது. ஆன் டூட்டி கேட்டு நெட்வொர்க்கின் பெயரில் துறைக்கு ஒரு விண்ணப்பம், அதை எழுதும் பொறுப்பு எனக்கு. இணை ஒருங்கிணைப்பாளரின் பொறுப்புக்காலம் முடிகிறது. அந்த இடத்துக்கு மலை டீச்சர் பெயரை டயட் மாணவிகள்தான் முதலில் சொன்னார்கள். அவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ராத்திரில படிச்சு மார்க் போடற வேலைன்னா செய்யறேங்க" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டுக்கான அழைப்பு ஜூனில், பள்ளி திறந்த பிறகு வரும். சுருக்கம் தமிழில் எழுதலாம், 400 சொல் போதும். எதைப் பார்த்தீர்கள், எப்படிக் குறித்தீர்கள், எது இன்னும் புரியவில்லை, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். சின்னப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் இப்போதே ஒரு நோட்டு போட்டுவிடுங்கள். ஆறு பத்தி.